இந்த வாரமும் சுடுகாடா?

சனிக்கிழமை காலையில் நான் பழைய ஷூவைத் தேட ஆரம்பித்தாலே வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். சுடுகாடு இல்லம்மா, கல்லறைத் தோட்டம் என்று திருத்தினால், "ரெண்டும் ஒண்ணுதான், வந்ததும் நேரா பாத்ரூமுக்குப் போங்க" என்பாள் மனைவி. அவள் மதுரைக்காரி. இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடாத வீட்டில் வளர்ந்தவள். நான் தூத்துக்குடி கத்தோலிக்கன். எங்களுக்குக் கல்லறை என்பது நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளுக்கு, குடும்பத்தோடு போய்ப் பூ வைத்து மெழுகுவர்த்தி கொளுத்தி, சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகு பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு நின்று ஊர்க்கதை பேசிவிட்டு வருகிற இடம். சின்ன வயதில் எனக்கு அது ஏறக்குறைய பொருட்காட்சி மாதிரிதான். உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிப்போம், யார் உருண்டை பெரிசு என்று போட்டி நடக்கும், முடிவில் யாராவது ஒருத்தன் கை சுட்டுக்கொண்டு அழுவான்.

அதனால் கல்லறை என்றால் பயம் கிடையாது. ஆனால் கல்லைப் பார்க்கிற பழக்கம் லண்டன் வந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

முதல் ஆபீஸ் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ரசப்பொடி வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைத் திருப்புகிற மாதிரி எனக்கு ஒரு பிரமை, அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து சாப்பிட இடம் தேடினேன். ஐந்து நிமிஷ நடையில் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கிடைத்தது. 1854லேயே அடக்கம் செய்வதை நிறுத்திவிட்ட பழைய இடுகாடு, இப்போது சுற்றுப்பட்டு ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சாண்ட்விச் தின்கிற பூங்கா. கவிஞர் வில்லியம் பிளேக் அங்கேதான் இருக்கிறார். எங்கே என்பதுதான் வெகுகாலம் வரைக்கும் சிக்கல். 1827ல் கல்லே இல்லாமல் புதைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் நட்ட கல்லில் 'இங்கே அருகில்' அவரும் அவர் மனைவியும் இருப்பதாகப் பொதுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அருகில் என்றால் எவ்வளவு அருகில்? நம்ம ஊரில் வழி கேட்டால் 'இதோ பக்கத்துலதான்' என்று இரண்டு மைல் நடக்கவிடுவார்களே, அந்த மாதிரி அருகில். அப்புறம் இரண்டு ஆர்வலர்கள் பழைய அடக்கப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வரிசையும் எண்ணும் கணக்குப் போட்டு, இந்த இடம்தான் என்று கண்டுபிடித்தார்கள். 2018 ஆகஸ்டில் அங்கே புதுக் கல் பதித்தார்கள். புல்லோடு புல்லாகப் படுத்திருக்கிற கல்.

அந்தக் கல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோதுதான் உளியால் வெட்டின எழுத்து எப்படி இருக்கும் என்று முதல் தடவை கவனித்தேன். ஒவ்வொரு கோடும் இரண்டு பக்கச் சரிவாக உள்ளே இறங்கி நடுவில் கூராகச் சந்திக்கிறது. அதனால் வெயில் ஒரு பக்கத்தில் விழுந்து மறுபக்கம் நிழலாகிறது, எழுத்துக்குப் பெயிண்ட் தேவையே இல்லை. காலையில் ஒரு மாதிரி தெரியும், மத்தியானம் வேறு மாதிரி. மழை வந்தால் பாதி எழுத்து மறைந்துபோகும். ஒரு ஆள் உட்கார்ந்து மரச்சுத்தியலும் உளியுமாகத் தட்டியிருக்கிறார், ஒரு தட்டு தப்பினால் கல்லே போச்சு என்ற பயத்தோடு. ஊரில் நான் பார்த்த கருங்கல் பலகைகளில் எழுத்து கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் பொறித்தது. இது கல்லுக்குள் இருந்தது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது வியாதி.

லண்டனில் புதுக் கல் பார்க்க வேண்டுமானால் ஹைகேட்தான். ஆர்ச்வேயில் இறங்கி மேடேறி, வாட்டர்லோ பார்க்குக்குள் புகுந்து வெளியே வந்தால் ஸ்வெயின்ஸ் லேன், அந்தச் சரிவான சந்துக்கு இரண்டு பக்கமும் கல்லறைத் தோட்டம். 1839ல் திறந்தது மேற்குப் பக்கம். கொடியும் பாசியும் சிறகுடைந்த தேவதைகளுமாக சினிமா செட் மாதிரி இருக்கும், எல்லாரும் போட்டோ எடுப்பது அங்கேதான். கிழக்குப் பக்கம் பிற்பாடு சேர்ந்தது, கார்ல் மார்க்ஸ் அங்கேதான் இருக்கிறார், அதனால் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அந்தப் பெரிய வெண்கலத் தலை 1956ல் வைத்தது. தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தலை பெரிசு, பீடம் அதைவிடப் பெரிசு, மனுஷர் கண்ணில் படவில்லை. எதிரே ஹெர்பர்ட் ஸ்பென்சர் கிடக்கிறார், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்று கடைப் பெயரைச் சொல்லி எல்லா கைடும் ஒரே ஜோக்கை அடிப்பார்கள், நாமும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்துவைக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் நிற்பதில்லை.

நான் போவது பேட்ரிக் கால்ஃபீல்டைப் பார்க்க.

கால்ஃபீல்ட் ஓவியர். 1936ல் பிறந்து 2005ல் இறந்தவர். கெட்டியான கறுப்புக் கோட்டில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு ஒயின் கிளாஸ், பின்னால் ஒரே சீரான நிறம், அவ்வளவுதான் அவர் படம். தேவையில்லாத ஒரு கீற்று இருக்காது. தன் கல்லறைக் கல்லையும் அவரே வரைந்து வைத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறக் கல், மேல் விளிம்பு படிக்கட்டு மாதிரி ஒரு பக்கமாக இறங்குகிறது. அந்தப் படிகளோடு சேர்ந்து நான்கு ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. டி, ஈ, ஏ, டி. டெட். செத்தாச்சு. எழுத்து பொறித்ததில்லை, கல்லை ஊடுருவி ஓட்டையாகவே வெட்டியிருக்கிறார்கள். அதனால் எழுத்தின் நிறம் பின்னால் என்ன இருக்கிறதோ அது. நான் முதலில் போனது மே மாசம், எழுத்து பச்சையாக இருந்தது. நவம்பரில் போனபோது பழுப்பு. ஒருதரம் கல்லுக்குப் பின்பக்கம் ஒரு அம்மா சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கடந்துபோனார், நாலு எழுத்தும் வரிசையாகச் சிவந்து அணைந்தன. அவருக்கு அது தெரியாது.

அந்தக் கல் முன்னால் நின்று முதலில் சிரித்தேன், அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்தத் தோட்டம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் எல்லாரும் பாடுபட்டிருக்கிறார்கள். தூங்கினார், ஓய்வெடுக்கிறார், வீடு திரும்பினார், முன்னே சென்றார், இப்படி. நாம் மட்டும் என்ன? இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோக பதவி அடைந்தார், வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை, காலமானார், மறைந்தார், அமரர் ஆனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது நம்ம ஊரில், அதில் 'செத்துப்போனார்' என்று ஒரு போஸ்டர் பார்த்திருப்பீர்களா? வீட்டில் பேசும்போது எல்லாரும் அதைத்தான் சொல்வோம். கல்லுக்கும் போஸ்டருக்கும் மட்டும் வேஷ்டி கட்டிக்கொண்டு வரும் மொழி. கால்ஃபீல்ட் அந்த வேஷ்டியை அவிழ்த்துவிட்டார். மற்றவர் கல்லில் இதைச் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பார்கள், தன் கல் என்பதால் செல்லுபடியாகிறது.

கொஞ்சம் தள்ளி மால்கம் மெக்லாரன். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவுக்கு மானேஜராக இருந்து பிரிட்டன் முழுக்கக் கலாட்டா கிளப்பிய ஆள், 2010ல் இறந்தவர். சாதுவான வெற்றியைவிடப் பிரமாதமான தோல்வி மேல் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள், மேலே வெண்கலத்தில் அவர் முகம். இறந்தபின் முகத்தில் அச்செடுத்து வார்க்கிற முகமூடி. அதைச் செய்த சிற்பி நிக் ரெனால்ட்ஸ். இதில் வேடிக்கை என்னவென்றால் அதே தோட்டத்தில் நிக் ரெனால்ட்ஸின் அப்பாவும் இருக்கிறார், அவர் முகத்தையும் மகனேதான் வார்த்திருக்கிறார். அப்பா யார் தெரியுமா? 1963ல் நடந்த மகா ரயில் கொள்ளைக்குத் திட்டம் போட்ட புரூஸ் ரெனால்ட்ஸ். 2013ல் இறந்தார். கல்லில் பிரெஞ்சில் 'செ லா வீ' என்று இருக்கிறது, வாழ்க்கைன்னா அப்படித்தாம்ப்பா என்று நாம் தோளைக் குலுக்குவோமே, அது. பிடிபட்டபோது போலீஸ்காரரிடம் சொன்ன பேச்சு என்பார்கள். செத்துப்போன அப்பாவின் முகத்தில் பிசைந்த மாவை அப்பி அச்செடுக்கிற மகனின் கைகளை நினைத்துப் பார்த்தேன். மூக்குத்துளைப் பக்கம் வரும்போது, மூச்சு முட்டாமல் இருக்க வழி விடவேண்டியதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்தானே.

டக்ளஸ் ஆடம்ஸ் கல்லில் ஒன்றுமே இல்லை. விண்வெளியை வைத்துச் சிரிக்கச் சிரிக்க எழுதினவர், கல்லில் பெயர், எழுத்தாளர் என்று ஒரு சொல், 1952-2001, முடிந்தது. ஆனால் முன்னால் ஒரு தொட்டி, அதில் கொத்தாகப் பேனாக்கள், வாசகர்கள் வந்து குத்திவிட்டுப் போனவை. மழையில் மை இறங்கி மண்ணெல்லாம் நீலம். நானும் பையில் இருந்த பேனாவைச் செருகினேன், அது ஊரிலிருந்து கட்டாக வாங்கி வந்த ரெனால்ட்ஸ், வெள்ளை உடம்பு நீல மூடி. கொள்ளைக்காரர் ரெனால்ட்ஸை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேனே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். இந்த ஜோக்கை விளக்க அங்கே யாரும் இல்லை. வீட்டில் சொன்னேன், எடுபடவில்லை.

இன்னொன்று, பெயர் வேண்டாம், பிரபலமான ஆள் இல்லை. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பழைய பெங்குவின் புத்தக அட்டை இருக்குமே, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு கல். தலைப்பு, 'கடைசி அத்தியாயம்'. வாழ்நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருந்த மனுஷர் என்று அவரைத் தெரியாத எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. தேதி, உறவு, வசனம் என்று பத்து வரி எழுதினாலும் இது வராது.

ஹைகேட்டில் இதெல்லாம் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது சர்ச் நிலம் இல்லை, தனியார் கம்பெனி லாபத்துக்கு ஆரம்பித்தது. கம்பெனி நொடித்துக் காடு மண்டிப்போன பிறகு 1975ல் அக்கம்பக்கத்து ஆட்கள் சங்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். இப்போதும் புதிதாக அடக்கம் நடக்கிறது, இடம்தான் இல்லை. 2022ல் தனியாக ஒரு சட்டமே வாங்கியிருக்கிறார்கள், 75 வருஷம் கடந்த கல்லறைகளை உரியவர்கள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. செத்தவர் வீட்டிலும் வாடகைக்கு ஆள் வைக்கிறார்கள், லண்டன் அல்லவா.

இங்கிலாந்து திருச்சபையின் கோயில் வளாகத்துக் கல்லறை என்றால் கதையே வேறு. கல் இத்தனை உயரம், இத்தனை அகலம், இன்ன வகைக் கல்தான், பெரும்பாலான இடங்களில் பளபளவென்று மெருகேற்றின கறுப்புக் கிரானைட் கூடாது, போட்டோ கூடாது. வேறு மாதிரி வேண்டுமென்றால் திருமண்டல நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும். படித்துக்கொண்டே வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இவர்கள் கூடாது என்று எழுதி வைத்திருப்பதையெல்லாம் வரிசையாக எடுத்துச் செய்தால் தூத்துக்குடிக் கல்லறை ஒன்று தயார்.

இந்த விதிகளோடு மல்லுக்கட்டி ஜெயித்த கல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கவே சஸ்ஸெக்ஸ் பக்கம் விஞ்செல்சீ என்ற குட்டி ஊருக்குப் போனேன். நகைச்சுவை நடிகர் ஸ்பைக் மில்லிகன். பிறந்தது நம்ம அகமத்நகரில், 1918ல், அப்பா பிரிட்டிஷ் ராணுவம். வாழ்நாளெல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் முடியாமல் அவஸ்தைப்பட்டவர், 2002ல் இறந்தார். 'எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்ல' என்று கல்லில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. கோயில் வளாகத்தில் ஜோக்கா என்று திருமண்டலம் தயங்கியது. பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் ஒரு சமரசம், அதையே ஐரிஷ் மொழியில் எழுதிக்கொள்ளலாம், யாருக்கும் புரியாது அல்லவா! இப்போது உலகம் முழுக்க அந்த வரிக்கு அர்த்தம் தெரியும், அந்தக் கல்லில் மற்றது என்ன எழுதியிருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியாது. புனித தாமஸ் ஆலயத்துக்கு வெளியே புல்வெளியில் அடக்கமாக நிற்கிறது. நான் போனபோது தூறல், கூட நின்ற வயசான தம்பதியில் அந்த அம்மா கணவரைப் பார்த்து ஏதோ சொன்னார், அவர் தும்மினார், இரண்டு பேரும் கல்லைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வழக்கு. கவன்ட்ரி பக்கம் ஒரு ஐரிஷ் குடும்பம், அம்மாவின் கல்லில் 'எங்கள் நெஞ்சில் என்றும்' என்று ஐரிஷில் மட்டும் போடக் கேட்டது. 2020ல் திருச்சபை நீதிமன்றம் முடியாது என்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஏதோ அரசியல் கோஷம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். குடும்பம் மேல்முறையீட்டுக்குப் போய் அடுத்த வருஷம் ஜெயித்தது. ஒரு இடத்தில் புரியக்கூடாது என்பதற்காக ஐரிஷ் வேண்டும், இன்னொரு இடத்தில் புரியாது என்பதற்காக ஐரிஷ் கூடாது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, நாளைக்கு நான் இங்கேயே போய்ச் சேர்ந்தால் என் கல்லில் தமிழ் போட என் பிள்ளைகள் யாரிடம் மனு எழுத வேண்டியிருக்குமோ என்று. மனைவியிடம் சொன்னேன். "நாங்க உங்கள எரிச்சிருவோம், படுங்க" என்றாள்.

மாஸ்கோவைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. கொரோனாவுக்கெல்லாம் முன்னால் ஆபீஸ் வேலையாக நான்கு நாள், அதில் ஒரு மத்தியானம் திருடிக்கொண்டு நோவோதேவிச்சி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சோவியத் தலைவராக இருந்த குருஷ்சேவ் அங்கேதான். 1962ல் ஓவிய சிற்பக் கண்காட்சி ஒன்றுக்குப் போன குருஷ்சேவ், நவீன பாணிக்காரர்களைப் பார்த்துக் கண்டபடி கத்தினார். அங்கேயே பயப்படாமல் எதிர்த்து வாயாடினவர் எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்த்னி என்ற சிற்பி. அப்புறம் குருஷ்சேவ் பதவி இழந்து, 1971ல் இறந்தபோது கிரெம்ளின் சுவர் ஓரம் இடம் கொடுக்கவில்லை. குடும்பத்தார் கல்லறைக் கல்லுக்கு யாரைத் தேடிப் போனார்கள் என்றால், அதே நெயிஸ்வெஸ்த்னியை. அவரும் செய்து கொடுத்தார். வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் ஒன்றுக்குள் ஒன்று பல் மாதிரி கவ்விக்கொண்டு நிற்கின்றன, நடுவில் ஒரு மாடத்தில் வெண்கலத் தலை. நல்லதும் கெட்டதும் பாதிப்பாதி என்று சொல்வார்கள். நான் இரண்டு நிறமும் சந்திக்கிற கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் எதற்குள் புகுந்திருக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. தன்னைத் திட்டினவருக்கு இப்படி ஒரு கல் செய்ய வேண்டுமானால் அந்த ஆளைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! புகழ்ந்தவர்கள் செய்திருந்தால் இன்னொரு மார்க்ஸ் தலைதான் வந்திருக்கும்.

அதே தோட்டத்தில் யூரி நிகுலின், சர்க்கஸ் கோமாளி, 1997ல் இறந்தவர். வெண்கலத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார், கையில் சிகரெட், முன்னால் அவருடைய நாய் படுத்திருக்கிறது. கோமாளி உடையும் இல்லை பல்லைக் காட்டும் சிரிப்பும் இல்லை, ஆட்டம் முடிந்து வந்த களைப்பு. நாயின் முகம்தான் பார்க்க முடியாது. எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வந்தது எனக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போன இடத்தில் செத்த வீரன் ஒருவனுக்கு எடுத்த கல், பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறது. கோவிவன் என்கிற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்ற விவரம். வீரனின் பெயரும் கல்லில் உண்டு, ஆனால் கேட்டவர்கள் மனசில் நிற்பது நாயின் பெயர்தான். அந்தக் கல்லை வெட்டினவன் நாயை விட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள், கூலியும் குறைந்திருக்காது. சேர்த்திருக்கிறான். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைக்கிறேன், ஊருக்குப் போனால் கல்யாணம் காதுகுத்து என்று நாள் கரைந்துவிடுகிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு அப்பா கல்லைப் பற்றி எழுதாமல் நிறுத்த முடியாது.

அப்பா தையல்காரர். பன்னிரண்டு வயதில் காஜா எடுக்கிற பையனாகக் கடையில் சேர்ந்து, பிறகு சொந்தமாக மிஷின் போட்டு, ஐம்பது வருஷம் மிதித்தார். அவர் போனபோது நான் அடக்கத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தேன், கல் வைக்கும் வேலையெல்லாம் தம்பி தலையில். இங்கே மண் நன்றாக அமுங்கட்டும் என்று ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்துத்தான் கல் நடுவார்கள். ஊரில் முதல் வருஷத் திதிக்குள் வைத்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நான் ஹைகேட் பார்த்துக் கெட்டுப்போன மூளையோடு லண்டனில் இருந்து யோசனை அனுப்பினேன். ஸ்காட்லாந்தில் பழைய கோயில் வளாகங்களில் தையல்காரர் கல்லறையென்றால் கத்தரிக்கோல் செதுக்கியிருப்பார்கள், அப்பாவுக்கும் ஒரு கத்தரி மட்டும் போதும், போட்டோ வேண்டாம் என்று. தம்பி வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னான்: "அண்ணே, கத்தரிக்கோல் போட்டா சலூன் போர்டுன்னு நினைச்சிருவாங்க. பேசாம இரு." 

ஆக வந்தது எல்லாருக்கும் வருகிற கல்தான். கறுப்புக் கிரானைட், கடை ஆல்பத்தில் இத்தனாம் நம்பர் மாடல், மேலே சிலுவை, லேசரில் அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ, 'மண்ணில்' என்று ஒரு தேதி, 'விண்ணில்' என்று ஒரு தேதி, கீழே நித்திய இளைப்பாற்றி. அதிலும் ஒரு குறை. கம்ப்யூட்டரில் எழுத்துருவை மாற்றும்போது எங்கேயோ தவறிப்போய், 'விண்ணில்' என்பதில் கடைசிப் புள்ளி விழவில்லை. 'விண்ணில' என்று வந்துவிட்டது. எனக்குக் கோபமான கோபம். காசையும் வாங்கிக்கொண்டு ஒரு புள்ளியைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று இங்கேயிருந்து குதித்தேன். தம்பி, "விடுண்ணே, அப்பா பேசுற மாதிரியே இருக்கு" என்றான். அம்மாதான் விடவில்லை. மூணாங்கிளாஸ் படிப்பு, ஆனால் ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். புள்ளி வைக்காமல் பணத்தின் மிச்சம் கிடையாது என்று கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லை நட்டாச்சு, கழற்ற முடியாது. கடையிலிருந்து ஒரு பையனைக் கை டிரில்லோடு அனுப்பினார்கள். பதினெட்டு வயசு இருக்கும் என்றான் தம்பி. வயர் இழுக்க வழியில்லாமல் பேட்டரி டிரில், கை நடுங்கியிருக்கிறது, புள்ளி லகரத்துக்கு நேர் மேலே விழாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, மற்றப் புள்ளிகளைவிட ஒரு சுற்றுப் பெரிசாக விழுந்துவிட்டது. லேசர் புள்ளிகள் எல்லாம் கல்லின் மேல் சாம்பல் பூத்த மாதிரி. இது மட்டும் குழி. போன கல்லறைத் திருநாளுக்கு நான் போயிருந்தபோது விரலை வைத்துப் பார்த்தேன், சுண்டு விரல் நுனி போய் உட்காருகிறது. முந்தின நாள் மழைத் தண்ணீர் ஒரு சொட்டு அதில் நின்றது. சுற்றி இருநூறு கல் இருக்கும், எல்லாம் இதே ஆல்பத்து மாடல்கள். கையால் பட்ட இடம் என்று எங்கள் கல்லில் அந்த ஒன்று.

அம்மா சேலை முந்தானையால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுப் புள்ளியைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"காஜாவைத் தள்ளி வெட்டிட்டான்யா அந்தப் பய" என்றாள். "உங்கப்பா பாத்திருந்தா மண்டையில ஒரு குட்டு குட்டி, பிரிச்சுத் திரும்பப் போடுலேன்னிருப்பாரு."

அப்புறம் மெழுகுவர்த்தியைக் கொளுத்தச் சொன்னாள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, நாலு குச்சி வீணாயிற்று.